ஐந்து புள்ளிப் பசை

அத்தியாயம் 6

பயம் வந்தால் சிலருக்கு வாய் உலர்ந்துபோகும். குச்சிக்கு வாய் திறந்துகொள்ளும். இது தெரிந்த ஒரே ஆள் பூனை.

அதனால்தான், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போகும் நடையில் குடையை மடக்கிக்கொண்டே அவன், "நான் தொட்டா கம்ப்யூட்டருக்கு ஆகாது மேடம். போன தடவை தொட்டது இன்னும் கண்ணைத் திறக்கல" என்றதும், அவள் நின்று திரும்பினாள்.

"ரொம்பப் பயமா இருக்கா?"

"சேச்சே. முழங்கால் மட்டும்தான்."

பூனை துப்பறிவதைத் தொழிலாகச் செய்பவள். வயது நாற்பத்திரண்டு. நடந்தால் சத்தம் வராது. பெயர் அப்படி வந்தது. குச்சி எட்டு வருடமாக அவளுடைய உதவியாளன். குடையையும் அவனையும் சேர்த்துச் சுவரில் சாய்த்து வைத்தால், எது குடை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

அவர்களோடு மூன்றாவதாக ஒருவனும் வந்தான். அவனுக்காகத்தான் இந்த இருவரும் அலைகிறார்கள். ஒன்பது நாள் தாடி. ஒன்பது நாளுக்கு முன்னால் அவனுடைய அக்கா, ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறேன் என்று டூல் பையோடு கிளம்பினாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ரிப்பேர் கடை இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவள் திரும்பவில்லை. மறுநாள் அவள் போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, தேட வேண்டாம். போலீஸ் அதைப் படித்துவிட்டு ஃபைலை மூடியது. தம்பிக்காரன் மூடவில்லை.

பூனை அந்த அக்காவின் அறையை ஒரு மணி நேரம் பார்த்தாள். "துணி இருக்கு. கம்மல் இருக்கு. போன் சார்ஜர் இருக்கு. டூல் பை மட்டும் இல்ல" என்றாள். "தூக்கிட்டுப் போனவனுக்கு வேண்டியது இவ கை. அவன்கிட்ட மெஷின் இருக்கு. மெஷின்னா என்னைக்காவது ஒரு நாள் வெளிய வரும்."

பிறகு தம்பிக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அக்கா கை வைத்த மெஷினை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

பசையை வைத்து, என்றான் அவன்.

கம்ப்யூட்டரின் பிராசஸர் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சதுரம். ஓட ஓடக் கொதிக்கும். அதன் தலைமேல் ஓர் உலோகக் கூலர் உட்கார்ந்து அந்தச் சூட்டை வாங்கி விசிறிக்குக் கொடுக்கும். இரண்டு உலோகமும் பார்வைக்கு வழவழப்பு. ஆனால் நடுவில் மயிரிழை இடைவெளிகள் உண்டு. அங்கே காற்று நின்றால் சூடு நகராது. அதை நிரப்பத்தான் பசை. ஒருவர் நடுவில் ஒரு பொட்டு வைப்பார். ஒருவர் கோடு இழுப்பார். ஒருவர் பழைய அட்டையால் வழித்துத் தடவுவார். அக்கா ஐந்து புள்ளி வைப்பாள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. பகடைக்காயின் ஐந்து மாதிரி. கையெழுத்து மாறினாலும் அது மாறாது.

பூனை ஊரில் பதினோரு ரிப்பேர் கடைக்குச் சொல்லி வைத்தாள். கூலரைக் கழற்றும்போது ஐந்து புள்ளி தெரிந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். இன்று மாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முதல் போன் வந்தது.

கடை, ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. பக்கத்திலேயே மாடிப்படி. படிக்கட்டுத் தூணில் அக்காவின் படம் போட்ட 'காணவில்லை' நோட்டீஸ். நான்கு நாளுக்கு முன் குச்சியே ஒட்டியது. அந்தக் கண்களைப் பார்க்காமல் கடந்தான்.

உள்ளே புழுக்கம் முகத்தில் அடித்தது. தலைக்கு மேல் மழை 'சோ'வென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க" என்றார் கடைக்காரர். ஐம்பது தாண்டியவர். மேல் வரிசை பல் செட். பேசும்போது அவர் வாய் முன்னால் போகும், பல் செட் ஒரு நொடி கழித்துப் பின்னால் வரும். "இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்ல. இந்தாங்க."

மேஜைமேல் ஒரு மெஷின் திறந்து கிடந்தது. பக்கத்தில் கூலர், மல்லாந்தபடி. அதன் உலோக அடியில் ஐந்து வெள்ளை வட்டங்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

தம்பிக்காரன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அக்கா" என்றான்.

"யார் கொண்டுவந்தது?"

"தெரியாத ஆள் மேடம். மத்தியானம் ஒரு மணிக்கு. சாதுவான மனுஷன், அதிர்ந்துகூடப் பேசல. போன் நம்பர் மட்டும் கொடுத்தான். நாலு மணிக்கு வாங்கிக்க வருவான்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

பூனை குனிந்து கூலரை முகர்ந்தாள். பிறகு குச்சியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மேடம், இது காலைல என் வாய்ல இருந்த வாசனை."

"சொல்லு."

"பல் விளக்கற பேஸ்ட்."

"அதான் கூத்துன்னேன்" என்றார் கடைக்காரர். "எவனோ ஒரு மடையன், கூலிங் பேஸ்ட்டுக்குப் பதிலா பல் பேஸ்ட்டைப் பூசியிருக்கான்."

தம்பிக்காரனின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ இது அக்கா இல்ல. அக்கா சாகற வரைக்கும் இதைச் செய்யமாட்டா. ஒரு தடவை நான் காலாவதியான டியூபை எடுத்துட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"அவ செய்யவே மாட்டான்னு உனக்குத் தெரியுது இல்ல?" என்றாள் பூனை. "அதனாலதான் செஞ்சிருக்கா. பல் பேஸ்ட்டைப் பூசினா என்ன ஆகும் தம்பி?"

அவன் மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "முதல் நாள் நல்லா இருக்கும். அதுல தண்ணி இருக்கற வரைக்கும் சூட்டைக் கடத்தும். அப்புறம் தண்ணி வத்திடும். சுண்ணாம்பு மாதிரி ஆயிடும். மெஷின் கொதிச்சு, தானா நின்னுடும்."

"ஆக, பூசின அன்னைக்கு அவன் பக்கத்துல நின்னு சூட்டு அளவைப் பார்த்திருப்பான். சரியா இருந்திருக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சு மெஷின் நின்னிருக்கும். இவ என்ன சொல்லியிருப்பா? 'போர்டு போச்சு. என்கிட்ட இருக்கற டூல்ல முடியாது. வெளிய ஒரு கடைக்குக் கொண்டு போ.' தான் வெளிய வர முடியலைன்னு மெஷினை அனுப்பியிருக்கா."

தம்பிக்காரன் நடுப்புள்ளியை நகத்தால் அழுத்தினான். நகம் லேசாக உள்ளே இறங்கியது. "நடுவுல இன்னும் ஈரம் இருக்கு" என்றான். "மூணு நாள் தாண்டல. மூணு நாளைக்கு முன்னாடி உயிரோட இருந்திருக்கா."

குச்சி அவனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இப்போ கவனமாக் கேளுங்க" என்றாள் பூனை. "மெஷின் ஓடறதுக்காகத்தான் அவளை அவன் உயிரோட வச்சிருக்கான். அவளே வேணும்னு கெடுத்தான்னு தெரிஞ்சா அப்புறம் வச்சிருக்க மாட்டான். அதனால பல் பேஸ்ட்டைச் சுத்தமாத் துடைக்கணும். நல்ல பசை போடணும். ஒயர் லூசா இருந்துச்சுன்னு சொல்லி அவன் கைல கொடுக்கணும். அவன் போவான், நாம பின்னாலயே போவோம். குச்சி, நீ இந்தக் கடைல புது ஆள். உட்காரு."

"நானா? மேடம், இப்பத்தானே சொன்னேன்..."

"உட்காரு."

கடைக்காரர் ஒரு ஸ்பிரே பாட்டிலையும் பஞ்சில்லாத துணியையும் நீட்டினார். பாட்டிலில் துடைக்கிற ஸ்பிரிட். குச்சி அடித்துத் துடைத்தான். வெள்ளை வட்டங்கள் கரைந்து, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருத்தி எழுதிய கடிதத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் செருகிக்கொண்டான்.

இழுப்பறையிலிருந்து மூன்று டியூப் மேஜைக்கு வந்தது.

"இந்த வெள்ளை மலிவு. ஒரு வருஷத்துல காஞ்சிடும். இந்தச் சாம்பல்தான் நான் போடறது, அஞ்சு வருஷம் தாங்கும். இந்தச் சின்னது திரவ உலோகம். பாதரசம் மாதிரி ஓடும். சூட்டைக் கடத்தறதுல ராஜா. ஆனா இந்தக் கூலர் அலுமினியம். பட்டா அரிச்சுத் தின்னுடும்."

"தின்னுமா? இதைக் கட்டிப் போட்டு வளர்க்கறீங்களா, அவுத்து விட்டு வளர்க்கறீங்களா?"

"சாம்பலை எடுப்பா. அரிசி அளவு போதும்."

குச்சி டியூபை அழுத்தினான். டியூபிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி வெளியே வந்து படுத்தது.

"ஏம்பா, ரொட்டிக்கு வெண்ணெயா தடவற? நிறையப் போட்டா நிறையக் குளிரும்னு நினைப்பு. பசை எதையும் குளிர வைக்காது. சூட்டை இங்கேருந்து வாங்கி அங்க கொடுக்கும், அவ்வளவுதான். சூடு எங்கயாவது போய்த்தான் ஆகணும்."

பூனை சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திரும்பவும் மெஷினுக்குள் குனிந்தாள். கூலரின் தகடுகளுக்கு இடையில் விரலை விட்டு எடுத்தாள். விரல் நுனி முழுவதும் தூசி. சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய தூசி, இளஞ்சிவப்பாக இருந்தது.

"முகப்பவுடர்" என்றான் குச்சி. "மெஷினுக்குக் கல்யாண வயசு."

தம்பிக்காரன் முன்னால் வந்தான். "அக்கா தூசி தட்டாம பசை டியூபைத் தொடவே மாட்டா."

"இதையும் வேணும்னுதான் விட்டிருக்கா." பூனை தூசியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள். "நறநறன்னு இருக்கு. பவுடர் இல்ல. பிளாஸ்டிக்கை ராவின தூள்." அவள் பார்வை மெல்ல உயர்ந்து கடைக்காரரின் வாயில் நின்றது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அதைக் கொஞ்சம் கழட்டிக் காட்ட முடியுமா?"

"எதை?"

"பல்லை."

அவர் முகம் சிவந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக் கழற்றினார். கைக்குட்டையில் வைத்து நீட்டினார். பற்களுக்கு மேலே ஈறு மாதிரி இருந்த பாகம் இளஞ்சிவப்பு. பூனை விரலைப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம்.

"இதை எங்க செஞ்சாங்க?"

"டாக்தர் அளவெதுப்பாரு" என்றார் அவர், பல் இல்லாத வாயால். "செய்யழது எங்கயோ ஒரு ழூம்ல. அந்த ஆளுங்க பேர் போர்டுகூட வைக்க மாத்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்த ஆள் மெஷினைக் கொண்டுவந்தப்போ மழை பெஞ்சுதா?" பூனையின் குரல் இறங்கியிருந்தது.

"கொத்திச்சு."

"மெஷின் நனைஞ்சிருந்துச்சா?"

"இல்லையே."

"கவர்? தார்ப்பாய்?"

"வெழுங்கைல தூக்கிட்டு வந்தான்." கடைக்காரர் நினைவுபடுத்திக்கொண்டார். "செழுப்புகூட ஈரமில்ல."

குச்சி வாசலைப் பார்த்தான். நடையின் முனையில் தெரு தெரிந்தது. தெருவில் வெயில். ஒரு பெண் மடக்கிய குடையை வீசிக்கொண்டு நடந்து போனாள். தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டு வட்டம்கூட இல்லை.

"மழை எப்போ நின்னுச்சு?" என்று கேட்டாள் பூனை.

தலைக்கு மேல் மழை 'சோ'வென்று கொட்டிக்கொண்டிருந்தது.

நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். பத்து, இருபது, முப்பது கம்ப்யூட்டர் விசிறிகள் ஒன்றாக ஓடினால் இப்படித்தான் கேட்கும். முப்பது மெஷின்களின் சூடு கான்கிரீட்டில் இறங்கினால் இப்படித்தான் புழுங்கும்.

"மேல என்ன இருக்கு?" அவள் கேட்டது உதட்டசைவுதான்.

"குதோன். மூணு மாசமா எவனோ வாதகைக்கு எதுத்திழுக்கான். ஆளை நான் பாழ்த்ததில்ல. மழைக்காலம்னு நினைச்சேன்..."

தம்பிக்காரன் கதவுக்குப் பாய்ந்தான். பூனை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடாதே. மேல கதவைத் தட்டினா, உள்ள அவளோட இருக்கறது அவன். நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. அதுதான் நம்ம கைல இருக்கற ஒரே பலம்." மறு கையால், தெரிந்த ஓர் இன்ஸ்பெக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். பதில் வந்தது. இருபது நிமிடம். "நாலு மணிக்கு அவனே இறங்கி வருவான். அதுவரைக்கும் மூச்சு விடாம இருப்போம்."

கடைக்காரர் பல் செட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. வாய் குழிந்து, ஒரே நொடியில் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார்.

"மேதம். நான் அவனுக்குப் போன் பண்ணினேன்."

"எப்போ?"

"கூலழைக் கழத்தினதும். மூணு மணிக்கு. உங்க ஞாபகம் அப்புறம்தான் வந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எப்பவும் சொல்ழதுதான்..." அதன்பிறகு அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளப் பல் தேவைப்படவில்லை. யாருங்க இதுக்கு முன்னாடி கை வச்சது? பல் விளக்கற பேஸ்ட்டைப் பூசியிருக்கான். தொழில் தெரிஞ்சவன் செய்யற வேலையா இது? வேணும்னே கெடுத்த மாதிரி இருக்கு.

குச்சி கண்ணை மூடிக்கொண்டான். குழாய் ரிப்பேர்காரரோ, தையல்காரரோ, முடி வெட்டுகிறவரோ, தனக்கு முன்னால் கை வைத்தவனைத் திட்டாமல் வேலையை ஆரம்பித்தது உண்டா? அந்த மனுஷன் ஒரு பாவமும் செய்யவில்லை. தொழில் வழக்கப்படி திட்டினார். அவ்வளவுதான்.

"அவன் என்ன சொன்னான்?"

"'சரிங்க, நான் பாத்துக்கழேன்'னான்."

கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது. முப்பத்தைந்து நிமிடமாக அவனுக்குத் தெரியும்.

பூனையின் முகத்தில் குச்சி எட்டு வருடத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தான். அவளுக்கும் பயம். அது அவனுடைய மீதித் தைரியத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

"மீட்டர் ரூம் எங்க?" என்றாள் அவள்.

"படிக்குக் கீழ."

"மாடிக்குத் தனி ஸ்விட்ச் இருக்கும். குச்சி, அதை நீ இறக்கு. முப்பது மெஷினும் ஒண்ணா நின்னா, அவன் கைல என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டுக் கீழ ஓடி வருவான். மாடி வளைவுல ஒரு பழைய பீரோ இருக்கு, நானும் தம்பியும் அதுக்குப் பின்னால நிப்போம். அவன் தாண்டினதும் மேல போவோம். எனக்கு மூணு நிமிஷம் வேணும். அவனை நிறுத்தி வை. பேசு."

"என்ன பேசறது?"

"எட்டு வருஷமா நான் நிறுத்தச் சொன்னது எல்லாத்தையும்."

மீட்டர் அறையில் ஓர் ஆள் நிற்கலாம். இருவர் என்றால் ஒருவர் மூச்சை அடக்க வேண்டும். சுவரில் ஏழு மெயின் ஸ்விட்ச். ஆறுக்குக் கடை எண். ஏழாவதற்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் 'மாடி'. பூனையும் தம்பிக்காரனும் மேலே போக ஐம்பது எண்ணினான். முப்பத்தொன்றுக்கு அடுத்து என்ன என்று ஒரு தடவை மறந்துபோனது. பிறகு கைப்பிடியை இறக்கினான்.

மழை நின்றது.

அந்த அமைதி மழையைவிடப் பெரிதாக இருந்தது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. திரும்பப் பூட்டுகிற சத்தம். காலடி. அவசரமில்லாத காலடி.

படியிறங்கி வந்தவன் ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. வெள்ளைக் கோட்டு. முழங்கை வரை இளஞ்சிவப்புத் தூள். வலக்கையில் மெழுகு சீவும் மெல்லிய கத்தி. கத்தி சுத்தமாக இருந்தது. குச்சி அதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"யாரு நீ?"

"கீழ் கடைல புதுசா சேர்ந்திருக்கேங்க. இன்னைக்குத்தான் முதல் நாள். முதல் நாளே கரண்ட் போச்சு. எங்க அம்மா அப்பவே சொன்னாங்க, நீ போற இடமெல்லாம் இருட்டுடான்னு. நான் இல்லீங்க, இது கட்டடம் முழுக்கப் போயிருக்கு."

சொன்ன பிறகுதான் பார்த்தான். அந்த ஆளின் தலைக்கு நேர் மேலே படிக்கட்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்." குச்சி அவன் கண்ணைக் கீழேயே கட்டிப்போட வேண்டும். "நீங்கதானே மத்தியானம் மெஷின் கொடுத்தது? ரெடி அண்ணே. நான்தான் பசை போட்டேன். அரிசி அளவுன்னு சொன்னாங்க, எந்த ஊர் அரிசின்னு சொல்லல. கொஞ்சம் தாராளமாப் போச்சு. உள்ள ஒரு கம்பளிப்பூச்சி படுத்திருக்கும், பயப்படாதீங்க, கடிக்காது..."

"தள்ளு. மேல எனக்கு ஒரு வேலை பாதியில நிக்குது."

பாதியில். குச்சியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவை. அதைப் பிய்த்து எடுத்தான்.

"பாதி வேலைன்னா எனக்கும் ரொம்பக் கஷ்டம் அண்ணே. நான் படிச்சதே பாதி. காதலிச்சது அதுல பாதி..."

"உள்ள போ" என்றான் அந்த ஆள், குரலை உயர்த்தாமல். "போன்ல டார்ச் அடி."

கத்தியின் நுனி அறையைக் காட்டியது. குச்சி உள்ளே போனான். பின்சுவர் தோளில் இடித்தது. அந்த ஆள் வாசலை அடைத்துக்கொண்டு தலையை நுழைத்தான். அவன் மூச்சில் புதினா வாசனை.

டார்ச் வெளிச்சம் ஸ்விட்சுகளின் மேல் ஊர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"எல்லாம் மேல இருக்கு" என்றான் அவன் மெதுவாக. "என்னுது மட்டும் கீழ."

அப்போதுதான் மேலே கதவு உடையும் சத்தம் கேட்டது. தொடர்ந்து தம்பிக்காரனின் குரல். "அக்கா!" ஒரே ஒரு தடவை.

அந்த ஆள் கூரையைப் பார்க்கவில்லை. குச்சியைப் பார்த்தான். கத்தி வந்தது. குச்சியின் கை பாக்கெட்டுக்குள் எதையோ பிடித்திருந்தது; எது என்று அழுத்திய பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிட் பாட்டில். கண்ணில் நேராக இரண்டு தடவை அடித்தான். அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தான். சட்டைக் கை கிழிபட, குச்சி அவன் அக்குள் வழியாக வெளியே விழுந்தான். இரும்புக் கதவு அவன் தலைக்கு மேல் அறைந்து மூடியது. கடையிலிருந்து ஓடி வந்த கடைக்காரர் தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார். பல் இல்லாத வாய் திறந்தபடி இருந்தது.

உள்ளிருந்து கதவில் ஓர் இடி. இன்னொன்று. பிறகு நின்றது.

மேலே ஒரு சத்தமும் இல்லை.

குச்சி தரையில் உட்கார்ந்தபடி மாடிப்படியைப் பார்த்தான். அந்த ஒற்றைக் கூச்சல் அழுகையா, சந்தோஷமா? எழுந்து போய்ப் பார்க்கலாம். கால் வரவில்லை. தூணிலிருந்து நோட்டீஸ் அவனைப் பார்த்தது. இந்த முகத்துக்கு நேர் மேலே அவள் இருந்திருக்கிறாள், அவன் இங்கே நின்று விசில் அடித்துக்கொண்டு ஒட்டியிருக்கிறான்.

படியில் காலடி கேட்டது. ஷூ போட்ட கால். தம்பிக்காரன்.

பூனை நடந்தால் சத்தம் வராது. அது அவனுக்குத் தெரியும். ஆகவே தம்பிக்காரனைத் தவிர இன்னொரு காலடி கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். காதைக் கூர்மையாக்கினான். ஷூ. மறுபடி ஷூ. மறுபடி.

பிறகு, மிக மெதுவாக, வெறுங்கால் ஒன்று படியில் பட்டது. அதன் ஜோடி அடுத்த படியில் பட்டது.

குச்சி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு. மீட்டர் அறையிலிருந்து அந்த ஆளை வெளியே இழுத்து நடத்திப் போனார்கள். கண் சிவந்திருந்தது. அப்போதும் அவன் அதிர்ந்து பேசவில்லை. இரவு பகலாக அவனுக்கு டிஜிட்டல் காசு ஈட்டிக்கொண்டிருந்த மெஷின்கள் எப்போது திரும்ப ஓடும் என்று மட்டும் கேட்டான்.

அக்காவைக் கடைக்குள் உட்கார வைத்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் ஒயர் கட்டிய தடம். கழுத்தில் ரத்தம் வராத ஒரு மெல்லிய கீறல். பாதியில் நின்ற வேலை அதுதான். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. தம்பிக்காரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் பல் செட்டை மாட்டிக்கொண்டு, கை கூப்பி, "தெரியாம சொல்லிட்டேம்மா" என்றார். ஐந்தாவது தடவை.

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். பூனை டம்ளரை வாங்கி வைத்தாள்.

அவள் கண் மெல்ல மேஜைக்குப் போனது. திறந்து கிடந்த மெஷின். துடைத்த கூலர். பிராசஸர் மேல் சாம்பல் நிறத்தில், நீளமாக, கொழுகொழுவென்று படுத்திருந்த அந்தக் கம்பளிப்பூச்சி. அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஒன்பது நாள் அடங்கிக் கிடந்த தொண்டையைச் செருமினாள்.

"யாருங்க இதுல கை வச்சது?"

எல்லோரும் குச்சியைப் பார்த்தார்கள். குச்சி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.